ரீச்சர் சொன்ன மூன்று வசனம்

கையில் மணியும் கண்ணில் கடிகாரமுமாக வீற்றிருந்து, பேச்சாளர்களின் பேராசைக்கு அணை கட்டும் பெருந்தகை, விழாத் தலைவர் கோபாலசிங்கம் ஐயா அவர்களே. ஆறு நாளும் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் பிள்ளைகளின் தமிழுக்காக இந்த மண்டபத்தின் மடக்குக் கதிரைகளில் வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே. சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பறித்த களைப்போடும் கைதட்ட மறவாத உழைப்பின் உருவங்களே. எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு முதன்முதலாக வந்து முன்வரிசையை அலங்கரிக்கும் இத்தாலிய ஆசிரியை மொனிகா அவர்களே. அவர் அருகே அமர்ந்து என் பேச்சைக் காதோடு காதாக இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கை வேணுகா அவர்களே. வாசலில் வடைத் தட்டுக்குக் காவல் நிற்கும் வாலிபர்களே. அந்த வடைக்காகவே என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே. உங்கள் அனைவருக்கும் சாந்தரூபனின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

கவனித்தீர்களா? ஒரு வணக்கம் சொல்ல எனக்கு இவ்வளவு நேரம் பிடித்தது. வேணுகா அதை ஆசிரியைக்கு எப்படிச் சொன்னார் என்று நான் இங்கிருந்து காது கொடுத்துக் கேட்டேன். "எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார்." முடிந்தது கதை. அந்த மூன்று சொல்லுக்கும் என் முப்பது வரிக்கும் இடையில் விழுந்து எழும்பிய ஒருவனின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் யார்? வாரநாளில் லிபெர்த்தா வீதியில் தொண்ணூறு வயது இத்தாலியப் பெரியவர், சிஞ்ஞோர் ஒருவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்து வாழ்பவன். வார இறுதியில் நானே இந்த நகரின் நாவேந்தன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தவன். கலியாணமா, கூப்பிடு சாந்தரூபனை. திருவிழாவா, கூப்பிடு சாந்தரூபனை. ஒலிவாங்கி எங்கே உண்டோ அங்கே நானும் உண்டு. மாப்பிள்ளையை நான் வருணித்து முடிப்பதற்குள் முகூர்த்தம் தாண்டிய சம்பவமும் உண்டு. யார் அங்கே சிரிப்பது? ஓம் அண்ணை, உங்கள் மகனின் கலியாணந்தான். மன்னியுங்கள்.

இப்படிப்பட்ட எனக்கு ஓர் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் குடும்பங்களுக்கும் நடுவில் நின்று, அங்கே சொல்வதை இங்கேயும் இங்கே சொல்வதை அங்கேயும் கொண்டு சேர்க்கிறவருக்கு இந்த ஊரில் மெதியாத்தோரே என்று பெயர். எட்டு மாதப் பயிற்சி, முடிவில் சான்றிதழ். பேசுவதற்குச் சான்றிதழ் கொடுக்கிறார்களா? எனக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வேணுகாவும் அதே வகுப்பு.

முதல் நாளே பயிற்றுநர் அம்மா ஒரு வசனம் கொடுத்தார். "நாளை பள்ளிக்கூடம் இல்லை." இதைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். வேணுகா எழுந்தார், சொன்னார், இருந்தார். நான் எழுந்தேன். "பெருமதிப்பிற்குரிய பெற்றோரே, கல்விக் கோயிலின் கதவுகள் நாளைய தினம்..." என்று தொடங்கினேன். பயிற்றுநர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கைபேசியில் நேரம் பார்க்கத் தெரியும். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. "சாந்தரூபன், நீங்கள் என்னைவிட அதிகம் சொல்லிவிட்டீர்கள்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல் தன் வாயால் தான்தான் கெட்டது. நான் இன்னொரு வீட்டையும் சேர்த்துக் கெடுத்தேன்.

கார்த்திகை மாதம் என்னை ஒரேத்தோவில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே நாலாம் வகுப்பு ஆசிரியை, இதோ அமர்ந்திருக்கும் மொனிகா அவர்கள். அன்று வந்திருந்த தாய் குகனேஸ்வரி. வன்னியில் பிறந்து, போர் முடிந்தபின் இங்கே வந்து, சியாகுல்லியில் பழம் தரம் பிரிக்கும் தங்கை. அவரிடம் கேட்டு, அவர் ஓம் சொன்ன பிறகே இந்தக் கதையை மேடைக்குக் கொண்டுவந்தேன். ஒரு நிபந்தனை போட்டார்: "கூட்டாமல் சொல்லுங்கோ."

பிள்ளை நிலக்ஷிக்கு ஒன்பது வயது. ஆசிரியை சொன்னது மூன்று வசனம். "நிலக்ஷி பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இந்த மாதமே வைத்தியரிடம் காட்டுங்கள்."

நான் குகனேஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் கூப்பிட்டுவிட்டதே என்ற பயத்தில் கைப்பையின் வாரைப் பிடித்தபடி இருந்தார். பெற்ற தாயின் முகத்துக்கு நேரே பிள்ளையில் குறை சொல்வது நம் வழக்கமா? 'காது கேளாது' என்று ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொன்னால், பிறகு ஊர் அந்த ஒரு சொல்லைத்தானே காவித் திரியும்? என் நெஞ்சு இளகியது. நெஞ்சு இளகினால் என் நாக்கு நீளும்.

என்ன சொன்னேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "தங்கச்சி, உங்கட பிள்ளை பூமாதேவி மாதிரிப் பொறுமைசாலி. பின்னால நிண்டு ஆயிரம் பேர் கூப்பிட்டாலும் திரும்பாத மன உறுதி எண்டு ரீச்சரே வியக்கிறா. நேரம் கிடைச்சால், வசதிப்பட்டால், காதையும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டினால் நல்லதாம்."

அந்தத் தாயின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து நானும் மலர்ந்தேன். அடுத்த கிழமை ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு ஆசிரியையிடம் போனார் குகனேஸ்வரி. ஆசிரியை குழம்பிப்போய் என்னை ஒருபக்கமாகக் கூப்பிட்டு, "இவருக்கு நான் சொன்னது விளங்கியதா? ஏன் இனிப்பு?" என்று கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? சொல்லவில்லை. "எங்கள் பண்பாட்டில் ஆழ்ந்த கவலையை இனிப்புக் கொடுத்துத்தான் தெரிவிப்பார்கள்" என்றேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆசிரியையும் இப்போது சிரிக்கிறார். வேணுகா இந்த இடத்தை மட்டும் சுருக்கவே இல்லை போலிருக்கிறது.

ஆனால் இனிச் சொல்வதற்குச் சிரிக்க முடியாது. குகனேஸ்வரி பழம் தரம் பிரிக்கும் மேசையில் தன்னோடு நிற்கிற பெண்களிடமெல்லாம், "என்ரை பிள்ளை ஆயிரம் பேர் கூப்பிட்டாலும் திரும்பாதாம்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். வீட்டில் தானே கூப்பிட்டு நிலக்ஷி திரும்பாதபோதும் பெருமைப்பட்டிருக்கிறார். வகுப்பிலோ, தாய் வைத்தியரிடம் காட்டிவிட்டார் என்று ஆசிரியை நம்பியிருக்க, அந்தப் பிள்ளை பாதிப் பாடம் கேளாமலே மூன்று மாதம் இருந்திருக்கிறது.

மாசி மாதம், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பின்னால் வந்த ஸ்கூட்டர் ஒன்று ஹோர்ன் அடித்தது. நிலக்ஷி திரும்பவில்லை. மறுபடியும் அடித்தது. திரும்பவில்லை. அதன் கைபிடி புத்தகப் பையில் கொளுவி இழுத்துப் பிள்ளையை வீதியில் வீழ்த்தியது. முழங்கையும் முழங்காலும் உரசிப்போயின. அவ்வளவோடு போனது யார் செய்த புண்ணியமோ, நிச்சயமாக நான் செய்ததல்ல. அன்றைக்கே வைத்தியர் காதையும் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் பல மாதமாக நீர் தேங்கியிருக்கிறது, ஏன் இவ்வளவு நாள் கொண்டுவரவில்லை என்று தாயைக் கேட்டார்.

மறுநாள் லிபெர்த்தாவில் நான் வேலை செய்யும் வீட்டு வாசலில் குகனேஸ்வரி நின்றார். சத்தம் போடவில்லை.

"அண்ணை, அண்டைக்கு ரீச்சர் என்ன சொன்னவ? ரீச்சர் சொன்னதை மட்டும் சொல்லுங்கோ."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சுருக்கமாகப் பேசினேன். மூன்று வசனம். சொல்லி முடித்து நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

"இவ்வளவுதானே?" என்றார். "இதை நான் தாங்கியிருப்பன் அண்ணை. வன்னியில இதைவிட எத்தினை கேட்டனான். நான் அழுவன் எண்டு நீங்கள் பயந்தனீங்கள். அழுதால்தான் என்ன? அழுதுபோட்டு அடுத்த நாள் டொக்டரிட்டைப் போயிருப்பன்."

அவையோரே, நான் எத்தனையோ மேடை கண்டவன், எத்தனையோ மாலை கொண்டவன். அந்த வாசற்படியில் நின்றதைப்போல் ஒருநாளும் கூனிக் குறுகி நின்றதில்லை. அந்தத் தாயைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் நான் காப்பாற்றியது யாரை? கெட்ட சேதி சொல்லும் சங்கடத்திலிருந்து என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தது ஒன்பது வயதுப் பிள்ளை.

ஆசிரியையிடம் போய் எல்லாம் சொன்னேன், பணியாரம் உட்பட. பயிற்றுநர் அம்மாவிடமும் சொன்னேன். என்னைத் துரத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதைவிடக் கொடிய தண்டனை கொடுத்தார். இரண்டு மாதம் வேணுகாவின் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்து கற்றுக்கொள் என்றார். இரண்டு மாதம். நான். வாய் திறக்காமல். தலைவர் ஐயா கண்ணை மூடி அந்தக் காட்சியை ரசிக்கிறார்.

பங்குனியில் நிலக்ஷிக்குச் சின்னச் சத்திரசிகிச்சை நடந்தது. வைகாசியில் என் இறுதிப் பரீட்சை, உண்மையான ஒரு பெற்றோர் சந்திப்பில் நிற்க வேண்டும். எந்தக் குடும்பம் என்னை ஏற்கும்? குகனேஸ்வரி சொன்னாராம்: "அவரே வரட்டும். ஒருக்கா பிழை விட்ட மனிசனுக்குத்தான் பயம் இருக்கும்."

அன்று ஆசிரியை சொன்னார்: "நிலக்ஷிக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது. கணக்கில் பின்தங்கியிருக்கிறாள், விடுமுறையில் படிக்க வேண்டும்." என் நாக்கின் நுனியில் நட்சத்திரங்களும் நவமணிகளும் வந்து நின்றன. விழுங்கினேன். ஆசிரியை சொன்னதை மட்டும் சொன்னேன். "அவ்வளவுதானோ?" என்று கேட்டார் குகனேஸ்வரி. "அவ்வளவுதான்" என்றேன். முந்தாநாள் சான்றிதழ் கையில் கிடைத்தது.

மணியைத் தொட வேண்டாம் ஐயா, முடிக்கிறேன்.

என் இனிய பெற்றோரே, பள்ளிக்கூடம் கூப்பிட்டால் ஏன் பதுங்குகிறோம்? குண்டுக்குப் பயப்படாமல் கடல் கடந்தவர்கள், ஒரு கரும்பலகைக்கா பயப்படுவது? பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காக விடிய முன் வரிசையில் நின்றவர்களுக்கு, ஒரு பின்னேரம் பிள்ளைக்காக நிற்க முடியாதா? விளங்காததற்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவதா மரியாதை? போங்கள். கேளுங்கள். நடுவில் நிற்பவன் நானாக இருந்தாலும் என்னையும் மறித்துக் கேளுங்கள்: இதில் ரீச்சர் சொன்னது எது, நீ சொன்னது எது? பூசி மெழுகிய பொய் நமக்கு வேண்டாம். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி கேட்கும் உரிமை வேண்டும். தாங்குவதா தாங்காததா என்பதைத் தாய் முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. இதோ, ஒலிவாங்கியைக் கீழே வைக்கிறேன். ஓம், நானேதான் வைக்கிறேன், படம் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில், கதவுப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகு காட்டி நிற்கிறாளே ஒரு பிள்ளை, அவளிடம் ஒரே ஒரு கேள்வி.

நிலக்ஷி, மாமா கதைக்கிறது கேக்குதோ?

திரும்பிவிட்டாள். பார்த்தீர்களா, திரும்பிவிட்டாள். ஏதோ சொல்கிறாள். முன்வரிசைக்குக் கேட்டிராது. சான்றிதழ் பெற்ற மெதியாத்தோரே என்ற முறையில், ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்கிறேன்:

"கேக்குது மாமா. காணும், இறங்குங்கோ."

இறங்குகிறேன். நன்றி, வணக்கம்.