செருப்பை வெளியே விடவும்

மேடம், எழுத உட்காரும் முன் உங்கள் மேசையைக் கொஞ்சம் துடைத்துக்கொண்டேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீ டம்ளர் வைத்த வட்டம் மூன்று இருந்தது. ஒன்று ரொம்பப் பழசு, நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. அதன் மேல் பேப்பரை வைத்தால் எனக்கு எழுத்து வராது. ஏட்டையா என் கைக்குட்டையைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

நான்கு நாட்களாகத் தூக்கம் இல்லை. நீங்கள் நினைக்கிற காரணத்தால் இல்லை. கடை பூட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் மாதத்துத் திண்டுக்கல் தூசி ஷட்டரின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இந்நேரம் கல்லா மேல் விரலால் பெயர் எழுதலாம். அதை நினைத்தால் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

என் பெயர் ஜெரோம், வயது ஐம்பத்திரண்டு. நான் விற்பது குழந்தைகளின் வெள்ளை உடைகள். ஞானஸ்நானத்துக்குச் சட்டை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை அப்பம் பெற்றுப் புதுநன்மை வாங்கும் பெண் பிள்ளைகளுக்குக் கவுன், தலைக்கு முக்காடு. கவுனில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் அந்தப் பிள்ளையின் தாய்க்கு மனசு எவ்வளவு சங்கடப்படும்? அதனால்தான் வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதி, ஸ்டாண்டும் போட்டேன். தரையை ஒரு நாளைக்கு மூன்று முறை நானே துடைப்பேன். ஆளை விட்டுத் துடைத்தால் மூலையை விட்டுவிடுவார்கள்.

சுத்தம் மட்டும் இருந்தால் போதாது, வருகிறவர்களுக்குப் பத்திரமாகவும் இருக்க வேண்டும். கண்ணாடி அலமாரியின் முனைகளில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் ஒரு குண்டூசி கிடையாது. தரை ஈரமாக இருக்கும்போது, ஆள் வழுக்கி விழுகிற படம் போட்ட மஞ்சள் பலகையை விரித்து வைப்பேன். மதுரைக்குப் போய் வாங்கி வந்தது. நம் ஊரில் எத்தனை கடைகளில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? ‘பதினாறு வருடமாக ஒரு விபத்தும் நடக்காத கடை’ என்று கல்லாவுக்கு மேலே எழுதி மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த எண்ணை மாற்றுவேன். வருடத்தில் எனக்குப் பிடித்த நாள் அதுதான்.

போன வருடம் எங்கள் தெருமுனை ஜவுளிக்கடையின் படியில் ஒரு பெரியவர் விழுந்தார். கை முறிவு, அவ்வளவுதான். யாரோ அதை போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் அந்தக் கடை காலி. கடைக்காரர் ஷட்டரை இறக்கியதை நான் நின்று பார்த்தேன்.

இனி செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ஒரு கான்வென்ட்டிலிருந்து சிஸ்டர்கள் வருவதாக இருந்தது. இந்த வருடம் புதுநன்மை வாங்கும் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கவுன் எடுக்கிறார்களாம். “ஒங்க கடை அம்புட்டு சுத்தம்னு ஃபாதர் சொன்னாரு, அதான் பாக்க வாரோம்” என்று மூத்த சிஸ்டர் போனில் சொன்னார். பதினாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது. பதினோரு வருடமாக என்னிடம் வேலை பார்க்கும் சகாயராணியை மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தரையை இரண்டு முறை துடைத்தேன். இரண்டாவது முறை சோப்பு ஆயில் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

இரண்டே முக்காலுக்கு ரோஸ்மேரி வந்தார். பெயர் அப்போது தெரியாது, நீங்கள் சொல்லித்தான் தெரியும். வாரில் ஊக்கு குத்திய செருப்பை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, கால்மிதியில் பாதத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

“அண்ணே, ஒம்பது வயசு அளவுல கவுன் இருக்கா? எம்மக செத்த உசரம்.”

“எந்த ஊரும்மா?”

“ஆத்தூருண்ணே. அஞ்சு மணி பஸ்ஸப் புடிக்கணும்.”

மேல் தட்டில் இருந்த கவுனை எடுக்கத் திரும்பினேன். சத்தம் கேட்டது. கல்லா மேசையின் கிரானைட் முனையில் அவருடைய தலை பட்டிருந்தது. அந்த முனைக்கு மட்டும் நான் ரப்பர் ஒட்டவில்லை. பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை.

அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். நினைவு தெளிவாக இருந்தது. “ஒண்ணுமில்லண்ணே, வழுக்கிருச்சு” என்றார். பிறகு தரையைப் பார்த்துவிட்டு, “அய்யய்யோ, ரத்தமாக்கிட்டேனே” என்று சேலைத் தலைப்பால் துடைக்கப் போனார். தலைப்பால் துடைத்தால் இழுவிக்கொண்டுதான் போகும் என்று தடுத்தேன். ஆனாலும் அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல பெண் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரக்கு அறையில் பழைய பேப்பரைப் பரப்பி அவரைப் படுக்க வைத்தேன். தலையைச் சுற்றிக் கட்ட ஒரு துணி வேண்டும். புதுத் துணியைக் கிழிக்க மனம் வரவில்லை. தரை துடைக்கும் துணிகளில் துவைத்துக் காய்ந்தது ஒன்று இருந்தது, அதைக் கட்டினேன்.

“ஆசுபத்திரிக்கு ஒரு ஆட்டோ புடிச்சு விடுங்கண்ணே. தலை ஒரு மாதிரி வருது.”

“புடிக்கிறேன்மா. செத்த நேரம் அப்படியே படு.”

பிடிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் மணி மூன்றாகப் போகிறது. தலையில் கட்டும் ரத்தமுமாக ஒரு பெண்ணை வாசல் வழியாகக் கூட்டிப் போகிற நேரத்தில் சிஸ்டர்கள் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? அவருடைய பையை, பத்திரமாக இருக்கட்டும் என்று, கல்லாவுக்குள் வைத்தேன். போன் அதற்குள் இருந்தது. ‘வீடு’ என்று இரண்டு முறை அடித்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அறைக் கதவைத் தாழ்போட்டேன். கேமராவையும் அணைத்தேன். கரண்ட் போய்விட்டது என்று உங்களிடம் சொன்னது பொய். பிறகு தரையைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை ஒற்றி எடுத்தேன். சிஸ்டர்கள் விழுந்துவிடக் கூடாது அல்லவா.

மூன்று பேர் வந்தார்கள். சகாயராணியும் சாப்பிட்டுத் திரும்பியிருந்தாள். மூத்த சிஸ்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, “தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கே” என்றார். பிறகு உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. கதவை உள்ளங்கையால் தட்டுகிற சத்தம், விட்டு விட்டு.

“உள்ள என்ன சத்தம்?” என்று கேட்டார். என் கடையில் எலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துக் கடையில் ஆசாரி வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டு, மாதா பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். சிஸ்டர்கள் கை வைத்த கவுன், கை இல்லாத கவுன் என்று விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினேன். மூன்றரை வாக்கில் தட்டுவது நின்றது. நிம்மதியாக இருந்தது, தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது சிஸ்டர் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, “இன்னொரு செருப்பு கெடக்கே, உள்ள யாரும் இருக்காகளா?” என்றார். சகாயராணியுடையது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். சிஸ்டர்கள் ஆட்டோவில் ஏறிய பிறகு மெதுவாக, “யாரு செருப்புண்ணே அது?” என்று கேட்டாள். மாதிரிக் கவுன்களை அவள் கையில் கொடுத்து, சிஸ்டர்களோடு அதே ஆட்டோவில் அனுப்பி வைத்தேன்.

நாலரைக்குக் கதவைத் திறந்தேன். உள்பக்கம் அதை ஒட்டியே கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது, குறட்டை மாதிரி மூச்சு வந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. ஆனால் அவரைத் தூக்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். பின்வாசல் சந்தில் கொண்டுபோய்ச் சாக்கடை ஓரமாக இறக்கியபோதும் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. டீக்கடைக்காரர்கள் போகிற வழிதான், அஞ்சு நிமிடத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆறு மணிக்குத்தான் பார்த்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் இரண்டு முறை பின்கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். இன்னும் யாரும் வரவில்லையே என்று தவிப்பாக இருந்தது. என் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. 108க்குக் கூப்பிடவில்லை.

செருப்பு விஷயத்தில்தான் பிசகிவிட்டேன். ஸ்டாண்டிலிருந்து எடுத்தபோது ஒரே சேறு. அப்படியே கொண்டுபோய் வைக்கக் கை வரவில்லை. குழாயில் கழுவி, துடைத்து, பையோடு சேர்த்து அவர் பக்கத்தில் ஜோடியாக வைத்தேன். “உள்ளங்காலு இம்புட்டு சுத்தமா இருக்கு. செருப்பக் கழட்டி ஜோடியா வச்சிட்டு, சாக்கடைச் சந்துல யாருய்யா மயங்கி விழுவா?” என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். இந்த ஊரில் ஒருவராவது இதையெல்லாம் கவனிக்கிறாரே என்று இருந்தது.

இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். சரி. அதை மறுக்கவில்லை. உயிரோடு இருந்தவரைப் பூட்டி வைத்ததும், உயிரோடு இருந்தவரைச் சந்தில் போட்டதும் நான்தான். ஆனால் அவர் இறந்தது ஆம்புலன்சில், ஆறு நாற்பதுக்கு. என் கடையில் இல்லை. கல்லாவுக்கு மேலே இருக்கும் பலகையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

உங்கள் ஆட்கள் நாளைக்குக் கடையைத் திறப்பார்கள் என்று ஏட்டையா சொன்னார். பூட்ஸைத் தயவுசெய்து வெளியே கழற்றச் சொல்லுங்கள். ரத்தம் தெரிவதற்குத் தரையில் ஏதோ தெளிப்பார்களாம். ஈரம் பட்டால் அந்த இடம் ரொம்ப வழுக்கும், பார்த்து நடக்க வேண்டும். மஞ்சள் பலகை கல்லாவுக்குப் பின்னால் மடித்து வைத்த இடத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு இரண்டரை மணிக்கு, சிஸ்டர்கள் வரும்போது பார்வைக்கு நன்றாக இருக்காது என்று நான்தான் அதை எடுத்து உள்ளே வைத்தேன்.