நாவலடிப் பீலியின் பூட்டு

கிண்ணம் இதோ இருக்கிறது. எல்லோரும் நன்றாகப் பாருங்கள்.

டிஸ்பென்சர் பொன்னையாவின் மனைவி வெற்றிக் கிண்ணத்தை அலுமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு தர மறுக்கிறாள் என்று பதுளையில் கடைக்குக் கடை பேசினார்கள். ஸலீம் வென்றது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். தோட்டத்து ஓட்டக்காரருக்கே கிண்ணம் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள் என்றார்கள். எல்லாம் பொய். நான் எதையும் பூட்டவில்லை. பூட்டப்பட்ட பொருள் ஒன்று உண்டு. அது என் வீட்டில் இல்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

இனி முறைப்படி வணங்குகிறேன்.

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் விழாக் குழுத் தலைவர் ஜனாப் இத்ரூஸ் அவர்களே, எனக்கு முன் இனிக்க இனிக்கப் பேசி அமர்ந்த செயலாளர் அவர்களே, நகரத்துப் பெரியோர்களே, வணிகப் பெருமக்களே, மூச்சைப் பிடித்து மலையேறி ஓடிய வீரர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் மண்டபத்தின் கடைசிச் சுவரோடு ஒட்டி நிற்கும் நாவலடித் தோட்டத்து மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கடைசியில் நிற்பவர்கள் உட்காருங்கள். நாற்காலி உங்களுக்கும் போட்டதுதான். உட்காரும்வரை நான் காத்திருப்பேன்.

நல்லது.

என்னைக் கான்வென்டில் வளர்த்த மதர் ஒருவர் சொல்வார்: நிமிர்ந்து நின்று பேசு, ஒருமுறை பேசு, உள்ளதைப் பேசு. இன்று முழங்கால் நிமிர மறுக்கிறது. மற்ற இரண்டையும் காப்பாற்றப் பார்க்கிறேன்.

"நீர் காப்போம், நலம் காப்போம்" என்று நாம் ஒரு மரதன் ஓட்டம் நடத்தினோம். பதுளையில் புறப்பட்டுத் தெமோதரை வரை ஏறி, திரும்பிப் பதுளைக்கே இறங்கும் ஓட்டம். நல்ல நோக்கம். நானும் என் கணவரின் பெயரில் கிண்ணம் தர ஒப்புக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த மனிதர் அவர். வயிற்றோட்டம் என்று யார் வந்தாலும் நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார், நாடியைப் பிடிக்க மாட்டார். முதல் கேள்வி, "எந்தத் தண்ணி குடிச்சே?" நீர்தான் நோய், நீர்தான் மருந்து என்று நம்பியவர். அவர் பெயர் நீருக்காக ஓடும் ஓட்டத்தில் இருப்பது பொருத்தம் என்று நினைத்தேன்.

சற்று முன்பு செயலாளர் ஒரு செய்தி சொன்னார். நாவலடித் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், கீழ்க்கணக்கு லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் தண்ணீர்ச் செலவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, அந்த லயம் இந்த மாகாணத்துக்கே முன்மாதிரி என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். மண்டபம் அதிர்ந்தது.

எப்படிக் குறைந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா?

டவுன் மக்களுக்காகச் சொல்கிறேன். மலையூற்று குழாய் வழியாக வந்து கொட்டும் இடத்தைத் தோட்டத்தில் பீலி என்பார்கள். குடிக்கவும் அதுதான், குளிக்கவும் அதுதான், கூழ் காய்ச்சவும் அதுதான். நாவலடிப் பீலி பிரதான வீதியோரமாக, லயத்துப் படிக்கட்டின் அடியில் இருக்கிறது. ஓடி இறங்கும் வீரர்கள் தாகம் தீர்க்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று நம் குழு கண்டது. சுற்றிலும் கம்பி வேலி போட்டது. புதிய பித்தளைக் குழாய் பூட்டியது. சுவருக்கு வெள்ளையடித்தது. வாயிலுக்குப் பூட்டுப் போட்டது. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், ஆகவே ஓட்டம் முடியும்வரை ஒரு வாரம் லயத்து ஆட்கள் தொடக்கூடாது என்றது.

லயத்து மக்கள் எதிர்த்தார்களா? இல்லை. அதுதான் என் நெஞ்சை இன்னும் அறுக்கிறது. இராசையாக் கங்காணி இதோ முன்வரிசைக்கு வந்து அமர்ந்திருக்கிறார். அவர் லயம் லயமாகப் போய்ச் சொன்ன வார்த்தையை அவரே எனக்குச் சொன்னார்.

"நம்ம பீலித் தண்ணிய டவுன் ஆளுக குடிக்கப் போறாங்க. இது வரைக்கும் நம்ம கைத்தண்ணிய யாரு குடிச்சா? விருந்தாளிக்கு வச்ச தண்ணியில நம்ம பானை படக்கூடாது."

அந்த வேலிக்கு மாவிலை கட்டியவர்கள் அவர்கள். அந்தப் பித்தளைக் குழாய்க்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தவர்கள் அவர்கள். விருந்தினருக்காக வீட்டுக்காரர் பட்டினி கிடப்பதைக் கதைகளில் கேட்டிருக்கிறோம். விருந்தினருக்காக ஒரு லயமே தாகம் கிடந்ததை நாவலடியில் பார்த்தோம்!

அந்த ஒரு வாரம் அவர்கள் எங்கே தண்ணீர் மொண்டார்கள்? லயத்துக்குக் கீழே ஓடும் கானில், அந்தத் திறந்த வடிகாலில். மழை பொய்த்த மாதம். மேல்கணக்குக் கக்கூஸ்களைக் கடந்து கசிந்து வரும் கான் அது.

"கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தோமே" என்று அங்கே யாரோ சொல்கிறீர்கள். கேட்டது. எழுந்து நின்று சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும். அதே கேள்வியை நானும் இராக்கம்மாவிடம் கேட்டேன். இராக்கம்மா அந்த லயத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். அவர் சொன்ன பதில் இது: "தேத்தண்ணிக்குக் கொதிக்க வச்சோம்மா. புள்ளைக்குத் தாகம் எடுத்தா அடுப்பு எரியுற வரைக்கும் நிக்குமா? வாளியில மொண்டு குடிச்சிருச்சு."

அந்தப் பிள்ளையின் பெயர் லெட்சுமி. ஆறு வயது. இராக்கம்மாவின் பேத்தி. ஓட்டக்காரர் சிவஞானத்தின் ஒரே மகள்.

ஆம், அதே சிவஞானம்தான். "பாதி வழியில் களைச்சு நின்னவன்தானே" என்று இடப்பக்கம் ஒரு குரல் கேட்கிறது. தம்பி, முதலில் 'அவர்' என்று சொல்லிப் பழகுங்கள். பிறகு அவர் எதற்காக நின்றார் என்று கேளுங்கள்.

தெமோதரைத் திருப்பத்தில் முதலாவதாகத் திரும்பியவர் சிவஞானம். ஸலீம் அவருக்குப் பின்னால். ஓட்டத்துக்கு முதல் நாள் மாலையே தோட்டத்து லொறி ஓட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வந்துவிட்டது. அப்போது பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாள். விடியும்போது வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக லொறி இல்லை. பஸ் இல்லை. விடியற்காலை முதல் வீதியை மூடியிருந்தோம். எதற்காக மூடினோம்? உடல்நலத்துக்காக! முதலுதவி வாகனம் எங்கே இருந்தது? கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால், மேலே, வெகு தூரத்தில்.

ஓட்டக்காரர்கள் மேலே ஏறிப் போனபோது பிள்ளையை விட்டு அகலாத இராக்கம்மா, அவளுக்குக் கண் சொருகியதும் வீதிக்கு இறங்கி வந்து வேலியோரம் நின்றார். மகன் ஓடி வருவதைக் கண்டார். "ஞானம், நில்லுடா! புள்ளைக்குக் கண்ணு சொருகுதுடா!" என்று கத்தினார். கையில் பட்டி அணிந்த நம் தொண்டர்கள் என்ன நினைத்தார்கள்? மகனுக்கு உற்சாகம் ஊட்டுகிறாள் என்று நினைத்தார்கள்.

"ஏய் ஆச்சி, ரோட்ட விட்டுத் தள்ளு! மகன் முதலாவதா வர்றாரு, குறுக்க நிக்காதே!"

"அய்யோ, முதலாவது வேணாம்யா, அவன நிக்கச் சொல்லுங்கய்யா!"

சிவஞானம் நின்றார். தொண்டர் நீட்டிய தண்ணீரை வாங்கினார். குடிக்கவில்லை. சிந்தாமல் பிடித்துக்கொண்டு லயத்துப் படிக்கட்டில் ஏறினார். தன் வாசலுக்கு முன்னால் கொட்டும் பீலியில், தன் பிள்ளைக்கு ஒரு மிடறு தண்ணீர் வாங்க அந்தத் தகப்பன் தெமோதரை வரை ஓடிவர வேண்டியிருந்தது!

பிள்ளைக்கு அது இறங்கவில்லை. கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி வீதிக்கு வந்தார். மறுபடி ஓடினார். மூடிய வீதியில், வெறிச்சோடிய வீதியில், பதுளையை நோக்கி ஓடினார். நெஞ்சில் இலக்கத் துணி. தோளில் பெற்ற பிள்ளை.

அவர் நகரத்துக்குள் நுழைந்தபோது வீதியோரம் நின்றது யார்? நாம்தான். நம் உறவுகள், நம் கடைச் சிப்பந்திகள், நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வேடிக்கைக்கு வேஷம் கட்டி ஓடுகிறவர் என்று நினைத்து என்ன சொன்னார்கள்?

"பாருடா, புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு!"

"நல்ல வேஷம்டா! இந்த வருஷம் இதுக்குத்தான் விசேஷப் பரிசு!"

கை தட்டினார்கள். விசிலடித்தார்கள். ஓட்டக்காரர் மேல் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இருக்கிறதே, அந்த வழக்கப்படி ஒரு புண்ணியவான் வாளித் தண்ணீரைத் தூக்கி இருவர் மேலும் ஊற்றினார். குழாய்த் தண்ணீர். நல்ல தண்ணீர். அந்தப் பிள்ளைக்கு அந்த வாரம் கிடைத்த நல்ல தண்ணீர் அதுதான்.

அவர் வெற்றிக் கோட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார். பாதை மாறியதால் அவர் பெயர் நீக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அந்த அறிவிப்பு காற்றில் வந்தபோது டாக்டர் கம்பளியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.



"பேச்சை முடியுங்கம்மா, பரிசு குடுக்க நேரமாச்சு" என்று பக்கத்திலிருந்து ஒருவர் மெல்லச் சொல்கிறார். ஐயா, பரிசைக் கொண்டுவந்தவள் நான். நேரத்தை எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

செத்த பிள்ளையைப் பேச்சில் தூக்கிக்கொண்டு வந்து கண்ணீர் கறக்க நான் இங்கே வரவில்லை. அழுவது எளிது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவுவது அதைவிட எளிது. ஓட்டம் முடிந்து நாட்கள் போய்விட்டன. வேலி இருக்கிறது. பூட்டு இருக்கிறது. இப்போது அதற்குப் பெயர் 'மாதிரிப் பீலி'. பலகையும் தொங்குகிறது.

செயலாளர் எழுந்து ஏதோ சொல்கிறார். "காலையில் ஒரு மணி நேரம் திறந்துதான் விடுகிறோம் அம்மா." சரி. எந்த மணி?

பின்னாலிருந்து பதில் வருகிறது, கேளுங்கள்! "அது பெரட்டு நேரமுங்க! தண்ணிக்கு நின்னா பேரு விழாதுங்க!"

கேட்டீர்களா, செயலாளர் அவர்களே? ஆட்களை நிறுத்திப் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் நேரம் பெரட்டு. அந்த நேரம் பெண்கள் அங்கே நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. வேலைக்குப் போனால் தண்ணீர் இல்லை, தண்ணீருக்குப் போனால் வேலை இல்லை. எல்லோரும் பெரட்டுக்களத்தில் நிற்கும் நேரம் பார்த்துப் பீலியைத் திறந்தால் தண்ணீர்ச் செலவு குறையாமல் என்ன செய்யும்? இதையா முன்மாதிரி என்றீர்கள்? இதற்கா கை தட்டினீர்கள்? அந்த மக்கள் மற்ற வேளைகளில் இன்றைக்கும் கானில்தான் மொள்ளுகிறார்கள். நான் ஏறிப் போனேன். கண்ணால் பார்த்தேன். அங்கே இன்னும் லெட்சுமியின் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாளியும் இருக்கிறது. தாகமும் இருக்கிறது.

நீரைக் காப்போம் என்றோம். யாரிடமிருந்து காத்தோம்? நலத்தைக் காப்போம் என்றோம். யாருடைய நலத்தை? வீணாக்குகிறவரிடம் சிக்கனம் பேசலாம். குடிக்க இல்லாதவரிடம் சிக்கனம் பேசினால் அதற்குப் பெயர் பறிப்பு. நீர் காக்கும் வழியைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கானைத் துப்புரவாக்குங்கள். மேல்கணக்குக் கழிவை வேறு வழியில் திருப்புங்கள். பீலிக்குப் பக்கத்தில் தொட்டி கட்டி இராத் தண்ணீரைத் தேக்குங்கள். பூட்டு மட்டும் ஒரு சொட்டையும் சேமிக்காது.

சாவி யாரிடம் என்று கேட்டேன். தோட்டத்துத் துரையைக் கேட்டால் குழுவிடம் என்கிறார். குழுவைக் கேட்டால் தோட்டத்திடம் என்கிறது. பூட்டுக்கு மட்டும் சந்தேகம் இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது.

ஸலீம், இங்கே வாருங்கள். தலைவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

நேற்று இந்தப் பிள்ளை தன் தாயார் ரஹ்மத்தும்மாவோடு என் வீட்டுக்கு வந்தார். "அவர் களைச்சி நிக்கல்ல, அம்மா. அவர் நின்னதாலதான் நான் முந்தின. இந்தக் கப் எனக்கு வாணாம்" என்றார். நான் சொன்னது இதுதான்: விதிப்படி முதலில் கோட்டைத் தாண்டியவர் நீங்கள். கிண்ணம் உங்களுடையது. விதியை நான் வளைக்க மாட்டேன். இரக்கத்துக்காகக் கூட வளைக்க மாட்டேன். பிடியுங்கள், மகன். தலை நிமிர்ந்து பிடியுங்கள். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஆனால் அடுத்த வருடமும் ஓட்டம் உண்டு என்று செயலாளர் அறிவித்தார். பூட்டிய பீலியின் முன்னால் என் கணவரின் பெயர் ஓடாது. பூட்டுத் திறந்தால் கிண்ணம் உண்டு. திறக்காவிட்டால் இதுவே கடைசி. இதை மிரட்டல் என்று நாளை கடைகளில் பேசுவார்கள். அந்தப் பேச்சை மட்டும் நான் திருத்த மாட்டேன்.

சிவஞானத்தை இங்கே அழைத்தேன். வரவில்லை. "வந்தா கை தட்டுவாங்கம்மா. அந்தச் சத்தத்த இனி என்னால கேக்க முடியாது" என்றார். அவருடைய தாயார் இராக்கம்மா வந்திருக்கிறார். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் முடிக்கும்போது யாரும் கை தட்ட வேண்டாம்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமையிழந்தும் வெளியேறாமல் இருந்தவர்களுக்கும் நன்றி. மலையிறங்கி வந்த நாவலடி மக்களுக்குத் தனியாக என் வணக்கம். உங்கள் விருந்தோம்பலை நாங்கள் எப்படி ஏற்றுக்கொண்டோம் என்பதை மறக்காதீர்கள். எங்களையும் மறக்க விடாதீர்கள்.

தலைவர் இத்ரூஸ் அவர்களே, உங்களிடம் கேட்பவை இரண்டு. நாவலடிப் பீலியின் சாவி யாரிடம் இருக்கிறது? அந்தப் பூட்டு எந்தத் தேதியில் அகற்றப்படும்? இப்போது மேடையில் சொல்ல வேண்டாம். என் முகவரி உங்களுக்குத் தெரியும். கையொப்பமிட்டு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.