துரை வைத்த பட்டம்

— அந்த இங்கிலீசு வார்த்தைய இன்னொருக்கா சொல்லுங்க.

— வேணாம் லெட்சுமி. காலையில பேரு எடுக்குற பெரட்டுல அத்தன பேர் முன்னாடி தொர கத்துனதே போதும்.

— ஆஸ் லிக்கர். சரிதானே? கொழும்புல இருக்குற நம்ம மக ஜெயந்தினிகிட்ட போன்ல கேட்டேன். சிரிச்சு சிரிச்சு அவளுக்கு விக்கலே வந்துருச்சு.

— என்னவாம்?

— பந்தம் புடிக்கிறவனாம், காக்கா புடிக்கிறவன். நம்ம ஆளுக பந்தம்னு சொல்லி விட்டுருவாங்க. வெள்ளக்காரன் அவன் பாஷையில, நாக்கு எங்க போவணும்னு எடமும் குறிச்சுக் குடுத்துட்டான்.

— ச்சீ! அந்தாளு வளக்குற நாய்க்குக்கூட குட்மார்னிங் சொன்னவன்டி நான்!

— அதத்தான் அவரு சுருக்கமா சொல்லியிருக்காரு.

— நக்கலா? கங்காணி வேல போச்சுன்னா மறுபடி மம்பட்டி புடிக்கணும். நான் என்ன தப்பு பண்ணுனேன்? கம்பெனிப் பெரியவரு நேத்துத்தான் மொத மொதல்ல தோட்டத்துக்கு வந்தாரு. சுண்ணாம்பு அடிச்ச ரோட்டுலயே கூட்டிட்டுப் போன்னாரு தொர. தொரக்கே பெரியவராச்சேன்னு நான் மால போட்டு, தப்படிச்சு, புள்ளக்காம்பராவுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

— அங்க கூர ஒழுகி அவரு மொட்டத் தலையில சொட்டுச்சு.

— சொட்டுச்சா? ஊத்துச்சு! ஒங்க தல பட்டதால இது தீர்த்தங்க ஐயான்னு சொல்லி, என் துண்டாலயே தொடச்சு விட்டேன்.

— நாங்க மலையில கொழுந்து பறிக்கயில, தொட்டில்ல கெடக்குற புள்ளைங்க மேலயும் அதே தீர்த்தந்தான். தொர, "ராமையா, ஒழுகுதா?"ம்பாரு. நீங்க, "இல்லீங்க தொர, நல்ல காத்தோட்டங்க"ம்பீங்க.

— அவரு மனசு நோகக்கூடாதுல்ல.

— இப்ப பாருங்க, பெரியவரு தொரய வாங்கு வாங்குன்னு வாங்கி, புதுத் தகரம் லொறியில வந்து எறங்கிருச்சு! புள்ளக்காம்பரா வாசல்ல பொம்பளைங்க கொலவ போடுறாங்க, கேக்குதா?

— அந்தக் கோவத்துலதான் என்னய வஞ்சாரு.

— ஏங்க, பெரியவருக்குப் புள்ளைங்கன்னா உசுருன்னு ஒங்க காதுல யாரு போட்டா?

— பூரணம்.

— பூரணத்த அனுப்புனது யாரு? நாந்தான். பெரியவர நாங்க போட்டாவுலகூட பாத்ததில்ல. ஒங்களத்தான் தெனமும் பாக்குறோமே.

— அடிப்பாவி! என் பொழப்புக்கே ஒல வச்சிட்டியே!

— சத்தம் போடாதீங்க, யாரோ கதவத் தட்டுறாங்க. ஆத்தாடி... தொர! நம்ம லயத்து வீட்டுக்கே வந்துட்டாரு!

— முடிஞ்சுது. வாங்க தொர, ஒக்காருங்க தொர. லெட்சுமி, அந்தக் கதிரையத் தொட!

— இல்ல இல்ல, நீங்க ஒக்காருங்க ராமையா. பெரியவரு போன் பண்ணுனாரு. அடுத்த மாசம் திரும்ப வாராராம். மால போட்ட அந்த மனுசன்தான் கூட வரணுமாம்.

— நானா? தொர இருக்கும்போது நான் எப்புடிங்க தொர...

— ராமையா அண்ணே, அவருகிட்ட எப்புடிப் பேசணும்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்.