வண்ணம் அடிக்காத வருஷம்

சுவர்க் காகிதம் உரிக்கிறவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். காகிதத்தோடு காரையும் வரும். வெந்நீரில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, துணியால் ஒற்றி ஒற்றி ஊற வைக்க வேண்டும். பட்டித் தகட்டைப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளினால் தானே கழன்று வரும்.

நீங்கள் மொழிபெயர்க்கத்தான் வந்திருக்கிறீர்கள், இது உங்களுக்குத் தேவையில்லை என்று தெரியும். மராத்தி எனக்கு நன்றாகவே வரும். இங்கே விஷ்ராந்த்வாடியில்தான் பிறந்தேன், பள்ளிக்கூட ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். ஆனாலும் அக்கா விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் சரியாக வருகிறது. இன்ஸ்பெக்டருக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அக்கா பாக்கியவதி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பாலர் வகுப்பு டீச்சர். அம்மா போனபின் என்னையும் தம்பி வால்டரையும் அவள்தான் வளர்த்தாள். நானும் அக்காவும் கல்யாணமாகாத கட்டைகள். வால்டர் தப்பித்துப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டான். அக்கா அறைச் சுவரில் ஓதம் ஏறியபோது பச்சைக் கிளிகள் போட்ட காகிதம் ஒன்றைப் பிடிவாதமாக ஒட்ட வைத்தாள். காகிதம் ஓதத்தை மறைக்கும், போக்காது. சொன்னேன், கேட்கவில்லை.

பிறகு மறதி வந்தது. நைட்டியோடு ஆளந்தி ரோட்டுக்குப் போய்விடுவாள். ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விடுவார்கள், கூடவே புத்தியும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால்தான் அவள் அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். அவளுடைய நன்மைக்கு. உள்ளே நின்று கூப்பிடுவாள்.

"ஏல ஜெர்சா, ஸ்கூலுக்கு நேரமாச்சுல்லா. கதவத் திறல."

என்னை ஏழு வயதுப் பையன் என்று நினைத்துக்கொள்வாள். எனக்கு அறுபத்தாறு. எரிச்சல் வந்தது என்பதை நான் மறைக்கவில்லை.

வால்டர் மகள் கிளாரிசாவுக்குக் கல்யாணம் வந்தது. பல வருஷம் கழித்து ஒரு நல்ல காரியம். அக்காவைக் கூட்டிப்போனால் பந்தியில் என்ன செய்வாள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பக்கத்து வீட்டு ஃபேபியோலா கேட்டாள்.

"அண்ணே, அக்காவையும் கூட்டிட்டுப் போறீங்களா? டிரெயினுக்குச் சப்பாத்தியும் பாஜியும் கட்டித் தரட்டா?"

ஆமாம் என்று சொல்லி இரண்டு பேருக்குமாக வாங்கிக்கொண்டேன். கல்யாண வீட்டில், அக்காவை ஃபேபியோலா பார்த்துக்கொள்கிறாள் என்றேன். ஃபேபியோலா, வால்டர் இரண்டு பேருமே நிம்மதியாக இருந்தார்கள். அறையில் குடம் நிறையத் தண்ணீர், ஒரு முழு லாதி பாவ் ரொட்டி, பிஸ்கட் வைத்திருந்தேன். கழிப்பறையும் உள்ளேயே. கணபதி பண்டிகை வரும் சமயம்; தெருவில் காலையிலிருந்தே டோல் மேளம் அடித்துப் பழகுவார்கள், யார் கத்தினாலும் கேட்காது. அதைக் கணக்குப் பண்ணி நான் போகவில்லை.

கல்யாணம் முடிந்ததும் வால்டர் இருக்கச் சொன்னான். குற்றாலத்தில் சாரல். திரும்ப டிக்கெட்டும் லேசில் கிடைக்கவில்லை. நாள் ஓடியதே தெரியவில்லை. மறதி எங்கள் குடும்பத்தில் உண்டு.

வந்து கதவைத் திறந்தபோது அக்கா சுவரோரம் சுருண்டு கிடந்தாள். கை எட்டும் உயரம் வரை கிளிகள் ஒன்றும் இல்லை. உரித்தால் தரையில் குப்பை கிடக்க வேண்டும் அல்லவா? ஒரு துண்டுகூட இல்லை. காகிதம் போன இடத்தில் காரையும் குழி குழியாகப் போயிருந்தது. அந்தத் தூளும் இல்லை. அவள் உதட்டில் மட்டும் வெள்ளையாக இருந்தது. அக்கா எப்போதும் சுத்தக்காரி.

பின்கட்டில் எலுமிச்சை மரத்தடியில் ஜெபம் சொல்லித்தான் அடக்கம் செய்தேன். அழுதேன். ஃபேபியோலாவிடம், அக்கா வால்டர் வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்றேன். பிறகு மிச்சக் கிளிகளை ஊற வைத்து உரித்தேன். சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று கேட்ட இடத்தையெல்லாம் கொத்தி எடுத்தேன். தண்ணீர் தெளித்து, சிமெண்டுக் கலவையை மெல்லிசாக இரண்டு தடவை பூசி, காயவிட்டு, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு ப்ரைமர் அடித்தேன். தொழில்காரன் செய்தாலும் அவ்வளவு நேர்த்தி வராது.

ஆனால் அந்தக் கை எட்டும் உயரத்தில் மட்டும் பட்டி நிற்கவில்லை. காய்ந்ததும் நகத்தால் கீறியதுபோல வெடித்து உதிரும். பெருக்கலாம் என்று போனால் தரையில் தூள் இருக்காது. மறுபடி பூசுவேன். தட்டினால் பொள்ளென்று கேட்கும். சில மத்தியானங்களில் நான் தட்டாமலேயே கேட்டது. பயந்தேன். சாப்பாட்டுத் தட்டை அந்த அறை வாசலில் வைக்க ஆரம்பித்தேன். அதை யாரும் தொடவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் ஜனங்களில், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த வருஷம் வெள்ளையடிக்க மாட்டோம், நட்சத்திரம் கட்ட மாட்டோம், பலகாரம் சுட மாட்டோம். நானும் கட்டவில்லை. அக்காவுக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா? ஃபேபியோலா கேக் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்னண்ணே, ஸ்டார் இல்ல, கலர் அடிக்கல. யாருக்குத் துக்கம்?"

கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவள் வால்டருக்குப் போன் செய்தாள். அக்கா அங்கே இல்லை என்று தெரிந்ததும் போலீஸ்காரர்கள் வந்து எலுமிச்சை மரத்தடியைத் தோண்டிவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். கவனக்குறைவு என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று இன்ஸ்பெக்டர் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. நான் அவள் மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை.

பெயிண்டர் ராகவேந்திரா சொன்னதைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறார்? அவர் பொய் சொல்லவில்லை. வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு அடிக்கிறவர். நான் ஊருக்குக் கிளம்பிய காலையில் தெருமுனையில் கணபதி மண்டபத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு என்ன கலர் என்று கேட்டார். இந்த வருஷம் வேண்டாம், வீட்டில் துக்கம் என்றேன். யார் என்று கேட்டார். அக்கா என்றேன். ஒரு மனிதரை வீணாகக் காத்திருக்க வைக்கக் கூடாது, வேறு வேலை பிடித்துக்கொள்வார் என்பதற்காகச் சொன்னேன்.

அதன்பிறகு அடுப்பில் கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்தது. வீட்டில் ஆள் இருக்கும்போது அதிலெல்லாம் அலட்சியம் கூடாது. ஆட்டோவைத் திருப்பச் சொல்லிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. தாழ்ப்பாளையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். உள்ளே அக்கா பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.