ஸ்கேன் படம் திரும்பி வந்த வழக்கில் ஜெனரேட்டர் மாமா சொன்னது

என் பெயரும் தகப்பன் பெயரும் முதல் தாளில் இருக்கின்றன. ஊழியர்கள் என்னை ஜெனரேட்டர் மாமா என்று கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தெட்டு, பார்த்தால் நாற்பதுதான் மதிக்கலாம். ஸ்கேன் சென்டரின் பின்பக்கம் ஜெனரேட்டர் அறையை ஒட்டிய வீட்டில் மனைவியோடும் அவள் தம்பியோடும் குடியிருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் வாத்தியார்களால் என்னைச் சமாளிக்க முடியவில்லை. சென்டரில் காவல், ஜெனரேட்டர், லிஃப்ட் மூன்றும் என் பொறுப்பு. நான் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் ஒரு மணி நேரம் தாங்காது.

என் மைத்துனன் அங்கேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். இங்கே எடுக்கும் படங்களை நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு சிடியில் போட்டு பைக்கில் அனுப்பிவந்தோம். அதை நிறுத்திவிட்டு இன்டர்நெட்டில் ஏபிஐ கேட்வே வழியாக அனுப்ப அவன் ஏற்பாடு செய்தான். கேட்வே என்பது நான் நிற்கும் வாசல் மாதிரிதான். நீ யார், சாவி எங்கே, கையில் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். அதைக் கண்டுபிடித்தவன் என்னை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும். சம்பவத்துக்கு முந்தின நாள் மாலை ஒரு படத்தை அனுப்பிச் சோதித்தோம், ஒரு நொடியில் போய்விட்டது. அதன் பிறகு சிடி எழுதும் மெஷினைப் பெட்டி கட்டி மாடியில் போட்டோம், பைக் ஓட்டுகிறவரையும் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

சம்பவ நாள் காலை ஒன்பது மணிக்கு, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் ரிப்பேர் என்பதால் இங்கே தலையைப் படம் எடுத்து, ஆளை ஆம்புலன்ஸில் அங்கே அனுப்பினோம். அவருடைய அண்ணன் லாரி டிரைவர், ரிப்போர்ட்டை வாங்கிப் போகலாம் என்று எங்களிடமே காத்திருந்தார். பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டர் போன் செய்து, படம் இன்னும் வரவில்லை, ரத்தம் எந்த இடத்தில் கட்டியிருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது, ஆள் அரை மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயம் என்றார். ரிசப்ஷன் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் டிரைவர் அதைக் கேட்டுவிட்டார்.

அதன் பிறகு அவர் லாரிக்குப் போய் வீல் ஸ்பேனரை எடுத்து வந்தார். அவர் ஏழடி உயரம். ஆறடி என்று எழுதலாமா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி கேட்டார், எழுதிக்கொள்ளட்டும். முதலில் கண்ணாடிக் கதவை உடைத்தார், அதன் பிறகு ரிசப்ஷன் மேசையை, அதன் பிறகு குறுக்கே போன என் தோள்பட்டையை. நான் அசையவில்லை. கீழே விழுந்தது உண்மை, விழுந்த இடத்தில் அசையவில்லை.

அதன் பிறகு கம்ப்யூட்டர் அறைக்குள் போய், மைத்துனனின் வலது கையை மேசைமேல் அழுத்தி ஸ்பேனரால் அடித்தார். மூன்று விரல்கள் உடைந்தன. ஒரு நகம் பிய்ந்து கீபோர்டில் ஏழாம் எண்ணுக்கும் எட்டாம் எண்ணுக்கும் நடுவில் கிடந்தது.

"என் தம்பி மண்டைப் படம் எங்கடா?" என்று கேட்டார்.

"அண்ணே, இந்தக் கேட்வே பத்து எம்பிக்கு மேல வாங்காதுண்ணே. இது முந்நூறு எம்பி, திருப்பி விட்டுடுச்சு. நேத்து டெஸ்ட் பண்ணப்ப போச்சுண்ணே. கையை விடுங்க, வேற வழி இருக்கு."

"வழி இருந்தா இவ்வளவு நேரம் என்னடா புடுங்கிட்டு இருந்த?" என்று மறுபடி ஓங்கினார்.

நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டினேன். இரண்டு பேரும் இரும்பு அலமாரியில் மோதி விழுந்தோம். அவர் என் காதைக் கடித்தார். மடலில் ஒரு துண்டு இப்போது இல்லை. தீயணைக்கும் சிலிண்டரால் அவர் முழங்காலில் நான்கு முறை அடித்தேன், ஸ்பேனர் என் கைக்கு வந்தது. அதன் பிறகு அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்தேன். என் எடை நூற்றிரண்டு கிலோ, எல்லாம் எலும்பு.

"மாப்ள, நீ வேலையப் பாரு."

"மாமா, அவருக்கு மூச்சு முட்டுது."

"அவன் மூச்ச நான் பாத்துக்கறேன், நீ படத்தப் பாரு."

அதன் பிறகு அவன் இடது கையால் தட்டினான், தட்ட முடியாததைச் சொல்லச் சொல்ல ரிசப்ஷன் பெண் தட்டினாள். கேட்வே இனிமேல் படத்தை வாங்காது, பதினைந்து நிமிடம் செல்லும் ஒரு அனுமதிச் சீட்டு மட்டும் கொடுக்கும், அந்தச் சீட்டோடு படம் நேராக ஆஸ்பத்திரியின் சேமிப்பில் போய் இறங்கும் என்று மாற்றினான். பத்து ஐம்பத்தொன்றுக்குப் படம் போனது. இரண்டு நிமிடம் கழித்து டாக்டர் போனில், "வந்துடுச்சு, இடது பக்கம், ஆரம்பிக்கிறோம்" என்றார்.

அதன் பிறகு நான் எழுந்தேன். டிரைவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். சட்டையைக் கழற்றி மைத்துனனின் கையில் சுற்றிக் கட்டினார். "தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்றார். அதன் பிறகு, கோபமில்லாமல், "நேத்து எதைப் போட்டு டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டார்.

மைத்துனன் சோதனைக்கு ஒரு தலை ஸ்கேனைத்தான் எடுத்து வைத்திருந்தான். முதலில் போகிற படம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்து, என் மணிக்கட்டு எக்ஸ்ரேயை அனுப்பச் சொன்னேன். அது எட்டு எம்பி. "பெருசையும் ஒருவாட்டி பாத்துடலாம் மாமா" என்றவனை, அதுதான் போய்விட்டதே, உன் அக்கா காத்திருக்கிறாள் என்று எழுப்பிக் கூட்டிப்போனேன். விரல் உடையும்போதும் அவன் இதைச் சொல்லவில்லை.

டிரைவர் அப்படிக் கேட்டதும் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். டிரைவரும் என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபோது ஸ்பேனரால் தாடையில் அடித்தேன். அப்போது அவர் உட்கார்ந்திருந்தார், கையில் ஒன்றும் இல்லை, உடம்பில் சட்டை இல்லை. தற்காப்புக்காக அடித்தேன் என்று வெளியே நின்றவர்களிடம் நான் சொன்னது பொய்.

கொத்தனார் கண் விழித்துவிட்டார் என்றும், அண்ணனிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்கிறார் என்றும் அதிகாரி சொன்னார். அண்ணனின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

யாரும் மிரட்டாமல் என் வாயால் சொன்னேன், எழுதியதை வாசிக்கக் கேட்டேன், இப்படித்தான் நடந்தது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)