லிஸ்ட்டுல எழுதாத ஒண்ணு

…அதான்க்கா, பன்னெண்டு நாளு. ஒரு லிஸ்ட்டு எழுதறதுக்கு பன்னெண்டு நாளு. நீ சீவு, நான் தலைய ஆட்டல. நுனிய மட்டும் வெட்டிடாத. இடுப்பு வரிக்கும் வர பதினஞ்சு வருசம் ஆச்சு எனுக்கு.

இன்னா வேலன்னு கேட்டல்ல? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல கீற கம்பெனிங்களுக்கு, யாருக்கு எந்த ஷிப்டுன்னு போட்டுக் குடுக்கற சாப்ட்வேரு. அதுக்குள்ள நான் எழுதன லைப்ரரி ஒண்ணு கீது. புக்கு இல்லக்கா… நீ ஒரு தபா மருதாணி கரைச்சு வெச்சிட்டு வர்றவங்களுக்கெல்லாம் போடறல்ல? அந்த மாதிரி, ஒரு தபா எழுதி வெச்ச கம்ப்யூட்டர் கோடு. எல்லா புரோகிராமும் எடுத்துக்கும். நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சு. எங்க டீம் லீடு ஹேமநாதனுக்குப் பொறுக்கல. அத பண்டிலா மாத்துன்னாரு.

பண்டிலுன்னா மூட்ட. எங்க வேணா கொண்டுபோயி இன்ஸ்டால் பண்ணலாம். ஆனா மூட்ட மேல லிஸ்ட்டு ஒட்டணும். எனுக்கு வெளியேந்து இன்னா வேணும், நான் இன்னா குடுப்பேன்னு. முன்னாடியெல்லாம் கேக்காம கொள்ளாம பக்கத்துலேந்து எடுத்துக்கும், எங்க மாமியாரு எங்க ஃபிரிட்ஜ தொறக்கற மாதிரி. இப்ப லிஸ்ட்டுல இல்லாதத தொட முடியாது. எழுதனதுல ஒண்ணு கெடைக்கலன்னா எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. ஒண்ண எழுதுனா, அதுக்கு இன்னும் மூணு வேணுங்குது… வெள்ளிக்கெழம கெடு வேற.

ஆங், சூடு போதும்க்கா.

கடசீல ஒண்ணுதான் பாக்கி. ஹேமநாதன் ஸ்கிரீனப் பாத்துகினே, "யுவராணி, இது என்ன? ஒரே ஒரு ஆளு நம்பருக்கு மட்டும் எப்பவும் செகண்ட் ஷிப்ட்னு இருக்கு. லிஸ்ட்ல சேக்கணுமா?"ன்னாரு.

"பழசு சார், தேவயில்ல"ன்னு எடுத்துட்டேன். எடுத்தவுடனே பண்டிலு எழுந்து ஓட ஆரம்பிச்சிடுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க.

யாரா? எங்க ஊட்டுக்காருதான். இப்ப என்னிய வாசல்ல எறக்கி வுட்டுட்டு சிரிச்சிகினே போச்சே, டில்லிபாபு. அதோட கம்பெனிக்கும் எங்க சாப்ட்வேருதான்.

இன்னா பண்றது சொல்லு… அப்போ எனுக்கு ஊட்லேந்து வேல. இது அஞ்சு மணிக்கு வந்து பின்னாடி நின்னுகினு, எங்க மீட்டிங்குல கீறவங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லும். ஒரு வாரத்துக்குத்தான்னு அந்த செகண்ட் ஷிப்ட போட்டேன். ஊடு அமைதியா இருந்துச்சு. நாலு வருசம் ஆயிடுச்சு.

பாவம்தான்க்கா, நான் இல்லன்னு சொல்லல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து ஆறிப்போன சோத்த துன்னும். எனுக்கு மட்டும் ஏன் இப்பிடின்னு கேக்கும். நானும் கூட ஒக்காந்து, ஏன்னு தெர்லயேன்னு சொல்லுவேன்.

போன ஆடில வேம்புலியம்மன் கோயில்ல கூழு ஊத்தசொல்ல, அத்தினி ஜனத்துக்கு நடுவுல சத்தமா வேண்டிச்சு. "தாயே, எனுக்கு பகல் ஷிப்டு கெடச்சா எம் பொண்டாட்டி உனுக்கு மொட்ட போடுவா"ன்னு. அது போடலாம்னா அதுக்குத்தான் முடியே இல்லியே. என்னிய பாத்து, சரியான்னுச்சு. தலைய ஆட்டுனேன். எப்பிடியும் கெடைக்காதுன்னு எனுக்குத்தான் தெரியுமே. அப்பால அத மறந்தே பூட்டேன்.

இன்னிக்கு காலீல புது ஷிப்டு லிஸ்ட்டு வந்துச்சு. திங்கக்கெழமலேந்து பகலு. அழுதுச்சுக்கா அது. குழந்த மாதிரி அழுதுச்சு. நேரா கோயிலுக்குப் போயி மொட்டைக்கு நாளு குறிச்சிகினு வந்துடுச்சு.

திரும்பி சொருகிடலாம்னா, இப்ப லிஸ்ட்டுல பேரு எழுதி, காரணமும் எழுதணும். இன்னான்னு எழுதறது?

சிரிக்காதக்கா. புதங்கெழம ஆபீஸ்ல என்னிய நிக்கவெச்சு போட்டோ எடுக்கறாங்க, பண்டிலு பண்ணதுக்கு. அதுக்குத்தான் வந்தேன்.

இல்ல, ஆறு மாசம் நிக்கிற ஸ்ட்ரெய்ட்டனிங்கு வேணாம். வர்ற ஞாயித்துக்கெழம வரிக்கும் நின்னா போதும்.