கிண்ணத்தில் எவ்வளவு

எழுதிப் பழக்கமில்லாத நான் இதைத் தங்கள் முன் வைக்கத் துணிந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். நரின் மலைச்சரிவில் ஆடு வளர்க்கும் குடும்பத்தின் மருமகள் கனிஷாய் நான். கால்நடை மருத்துவரிடம் நான் பேசியதை மட்டுமே இங்கு எழுதியுள்ளேன். அவர் பேசியதை எழுத அவரிடம் அனுமதி பெறவில்லை.

ஹலோ… ஆமா, நான்தான், கனிஷாய்… இல்ல டாக்டர், சொறி அடங்கல. மூணு வாரமாச்சு. இன்னிக்குக் காலையிலயும் ரெண்டு போச்சு…

ஆமா, ஆமா, நீங்க சொன்ன மாதிரிதான். வாளித் தண்ணிக்கு ஒரு கிண்ணம் மருந்துன்னு தொட்டியில கலந்து, அதுல ஆட்டை முக்கினோம்… எவ்வளவா? டீ ஊத்தற அளவு… கால் கிண்ணம்.

…முழுக் கிண்ணமா?

டாக்டர், எங்க வீட்ல யாராவது கிண்ணத்தை நெறச்சு டீ ஊத்திப் பாத்திருக்கீங்களா? நெறச்சா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம். உங்களுக்கே அன்னிக்கு நாலு தடவை கால் கால் கிண்ணமாத்தான் ஊத்துனேன். நீங்களும் குடிச்சீங்க…

கேட்டிருக்கலாமா? நான் வாயத் தெறந்தேன் டாக்டர். 'மருமக டீயப் பாக்கட்டும், மருந்த ஆம்பளைங்க பாத்துக்கறோம்'னு சிரிச்சது யாரு?… மறந்துட்டீங்களா. நான் மறக்கல…

பாட்டில்ல இருக்கறது சீன எழுத்து. யாரு படிப்பா?… கத்தல. கேக்கறேன். இப்ப ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதிக்கறேன். விளிம்பு வரைக்குமா?… ம். எவ்வளவு நேரம் முக்கணும்?… ம், ம். மறுபடி எப்போ?…

மாமனார்கிட்டயா போனைக் குடுக்கணும்? குடுக்க மாட்டேன். பக்கத்துலதான் நிக்கறாரு, கேட்டுட்டுதான் இருக்காரு…

இருங்க. என்ன மாமா?… உங்களுக்கும் அன்னிக்கு அளவு புரியலையா? அப்புறம் ஏன் தலைய ஆட்டுனீங்க?… சரி, சரி, விடுங்க. கேக்கறேன்.

டாக்டர், மாமா கேக்கச் சொல்றாரு. ஒரு மாசம் ஆகாத குட்டிய முக்கலாமா?… எந்த வேலையும் அப்புறம் பாக்கலாம், இதுக்குச் சொல்லிட்டு வைங்க…

கூடவே கூடாதா?

அப்போ அன்னிக்கு டீ குடிச்சு முடிச்சு வந்து நீங்க கூட நின்னு பாத்துட்டு இருக்கையில, குட்டிகளையும் சேத்து முக்கினோமே. ஏன் சொல்லல?…

டாக்டர்?… ஹலோ…

வெச்சுட்டாரு மாமா.

இழந்தவை: தாய் ஆடுகள் பதினொன்று. கிடா ஒன்று. ஒரு மாதம் நிரம்பாத குட்டிகள் நான்கு.